இடைவெளி விடாத கதவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நானாக எழுத உட்கார்ந்த கதை இல்லை, ஒருவர் எழுதச் சொல்லிக் கேட்டதால் எழுதுவது. கேட்டவர் கொர்னேலியா. நான் குடியேறிய லுப்ளின் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே இருக்கிற தோட்டக் காலனியில் என் தோட்டத்துக்கு அடுத்தது அவருடையது. அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் மண்ணைத் தொட வருகிற இடம் அது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மரக்குடில், நாலு பாத்தி, சுற்றிலும் வேலிச்செடி. பல வருஷமாக நானும் அங்கே தக்காளி வளர்த்துப் பாதியை நத்தைக்குக் கொடுத்துவருகிறேன்.

போன நவம்பரில் ஒருநாள் கொர்னேலியா என் குடிலுக்குள் வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தக் கோடை முழுக்க நான் தங்கை கல்யாணத்துக்காக மதுரையில் இருந்துவிட்டதால் எனக்கு எல்லாமே புதுசு. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்:

"நீ கதை எழுதுறவதானே?"

"ஏதோ எழுதுவேன்."

"அப்ப இதை எழுது. நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்து. ஜூலை மாசம் அந்தக் கதவைத் திறந்துவிட்டுடு."

"கதையில திறந்தா என்னம்மா ஆகப்போகுது?"

"எங்கேயாவது திறந்திருக்கட்டுமே."

இந்தப் பதிலுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மறுபடி ஜூலையே வந்துவிட்டது, என் கதவு இன்னும் திறந்தபாடில்லை.

(இன்னொன்று. கதைக்குள் அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். கதைக்குள் வந்துவிட்டால் எல்லோருக்குமே மரியாதை கொஞ்சம் குறைகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது, கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

2

முதல் தொடக்கம்: "கதவு என்பது இரண்டு மனங்களுக்கு நடுவே–"

[இத்தோடு நிறுத்திவிட்டேன். கதவு என்றால் கதவுதான்.]

இரண்டாம் தொடக்கம்: "நாம் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பாட்டில்கள் எங்கே போகின்றன என்று என்றைக்காவது–"

[பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது. இதுவும் வேண்டாம்.]

மூன்றாம் தொடக்கம்: செவெரின் அன்று பலகையை அறுத்தபோது மரத்தூள் பறக்கவில்லை.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

மரத்தூள் பறக்கவில்லை. சாம்பல் நிறச் சுருள்கள்தான் ரம்பத்திலிருந்து உதிர்ந்து, அவனுடைய கம்பளிச் சட்டையின் கைகளில் ஒட்டிக்கொண்டன. தட்டினால் விழாமல் விரலுக்குத் தாவின. பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அக்கா கொர்னேலியா நின்றாள். மார்ச் மாதக் கடைசி. தண்ணீர்ப் பீப்பாயின் மேல் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. அன்று அவளுடைய பெயர்நாள், அவள் பெயருள்ள புனிதரின் திருநாள்; அங்கே பிறந்தநாள் மாதிரி கொண்டாடுவார்கள். வழக்கமாகத் தம்பி பூங்கொத்தோடு வருவான். இந்த வருஷம் பூ கிடையாது, ஒரு கதவு செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

அவள் அறுத்த முனையைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பலுக்குள் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள்.

"இது என்னடா, பாத்திரம் கழுவுற சோப்பு டப்பாவா?"

"டப்பாவும் இருக்கும், மூடியும் இருக்கும், நீ தூக்கிப்போட்ட தயிர்க் கிண்ணமும் இருக்கும். எல்லாத்தையும் உருக்கிப் பலகையா வார்த்திருக்கான். அழுகாது, புழு வைக்காது, வருஷா வருஷம் எண்ணெய் பூச வேண்டாம். நாம ரெண்டு பேரும் போனப்புறமும் நிக்கும்க்கா."

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"நீ பயப்படுற ஆளா? ஆட்டாம புடி. வேகமா அறுத்தா இது உருகி ரம்பத்தைக் கவ்விக்கும்."

இருவருடைய தோட்டமும் ஒருகாலத்தில் அவர்கள் அப்பாவின் ஒரே தோட்டம். பங்கு பிரித்தபோது அடிபம்பு அக்கா பக்கம் விழுந்தது, செர்ரி மரம் தம்பி பக்கம் விழுந்தது. நடுவே தலை உயரத்துக்கு வேலிச்செடி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. தண்ணீருக்கு அவன் இந்தப் பக்கம் வருவான், செர்ரிக்கு அவள் அந்தப் பக்கம் போவாள், மற்றபடி வம்பளக்க இருவரும் மாறி மாறிப் போய்வருவார்கள். அப்பா வைத்த ஓக் கதவின் அடிப்பக்கம் மண்ணோடு மண்ணாக மக்கிப்போயிருந்தது.

செவெரின் பணி ஓய்வு பெறும்வரை கதவு ஜன்னல் பட்டறையில் தச்சனாக இருந்தவன். கைவேலையில் அவனுக்கு இருந்த கர்வம் ஊரறிந்தது. அவன் மாட்டிய கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு குரோஷ், அதாவது அந்த ஊர்ப் பைசாக் காசுகூட நுழையாது. அதைக் காசை எடுத்துச் செருகிக் காட்டிய பிறகுதான் கூலி வாங்குவான். அன்றும் அப்படியே. கதவை மாட்டிச் சாத்தினான், பையிலிருந்து காசை எடுத்தான், இடுக்கில் வைத்து அழுத்தினான். நுழையவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். பலகை வித்த கடைக்காரப் பொண்ணு ஏதோ இடைவெளி விடணும்னு சொன்னாளாமே? நீயே சொல்லிச் சிரிச்சே."

"அந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கதவு மாட்டிட்டேன். இடைவெளி விடறது எல்லாம் வேலை தெரியாதவன் பண்றது. அப்புறம் இன்னொண்ணு பாரு. ரெண்டு கொக்கி வெச்சிருக்கேன். உன் பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு."

"எதுக்குடா ரெண்டு?"

"யாருக்கு யார் மேல கோவம் வந்தாலும் போட்டுக்கலாம். நியாயமா இருக்கணும்ல?"

இருவரும் சிரித்தார்கள். பெயர்நாளுக்காக அவள் ஊறவைத்திருந்த செர்ரி வோட்காவைக் குளிரில் நின்றபடியே ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தார்கள். அந்தக் கதவு முதன்முதலாக 'கிளிக்' என்று மூடியபோது சத்தமே வேறு மாதிரி இருந்தது, மரச் சத்தம் இல்லை என்று கொர்னேலியா சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டேன். டப்பா மூடுகிற மாதிரி என்றார்.*

* இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுகிற வரி மாதிரி இருக்கிறது. ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார்.

3

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பலகையின் குணத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது, விளங்காமல் வைத்திருந்து கடைசியில் சொல்வது எனக்குப் பிடிக்காத தந்திரம்.

மரம் ஈரத்துக்கு உப்பும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவர் இழுக்க வெளியே இருக்கிறவர் உதைக்க வளர்ந்தவள் நான். எனக்கு அது தெரியும். ஆனால் மரம் அகலத்தில்தான் உப்பும். நீளவாக்கில் வளராது. அதனால் பலகையின் தலைமாட்டில் தச்சன் இடம் விட வேண்டியதில்லை.

இந்த வார்த்த பிளாஸ்டிக் நேர்மாறு. மழையில் வாரக்கணக்காகக் கிடந்தாலும் அசையாது. வெயில் பட்டால் நீளும், அதுவும் நீளவாக்கில். பலகைகளைக் குறுக்காக அடுக்கி, பனி உறைகிற மார்ச்சில் காசு நுழையாமல் மாட்டிய கதவு, ஜூன் வெயிலில் சூடேறினால் இரண்டு பக்கத்துக் கம்பத்தையும் நெட்டும். நெட்ட இடமில்லாவிட்டால் அங்கேயே இறுகி நிற்கும். கொக்கி எதுவும் போட வேண்டாம்.

செவெரினுக்கு மரம் தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைச் செய்தான். அவ்வளவுதான் அவன் செய்த பிழை. நம்மில் யார் செய்யாதது?

[கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாம். உங்களைக் கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறேன்.]

4

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். செவெரின் தன் தோட்டத்தில் அதே பலகையால் உயரப் பாத்திகள் கட்டியிருந்தான். ஸ்ட்ராபெரி பழுத்துவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தான். காலனிச் சங்கத் தலைவர் கிராட்சியான் மனைவியோடு வந்தார், இன்னும் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர். கொர்னேலியா பாலேடு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கதவு வழியாக வந்தாள். கதவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இடுப்பால் ஒரு இடி இடித்தாள், திறந்துகொண்டது. அதை அவள் பெரிசாக நினைக்கவில்லை.

அவள் கண்ணில் பட்டது பாத்திகள்தான். முனைகளை நெருக்கித் திருகாணி போட்ட பலகைகள் வெயிலில் நீள வழியில்லாமல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றன.

"டேய் செவெரின், பாத்தி கட்டச் சொன்னா வாழைப்பழம் விளைவிச்சிருக்கே?"

கிராட்சியான் சிரித்தார். சிரித்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கொர்னேலியாவுக்கு ஒரு வாய். ஆள் கூடினால் அடங்காது.

"இவ்வளவு காலம் ஊருக்கெல்லாம் கதவு மாட்டினவனாம். காசு நுழையாதாம். இங்க பாருங்க, காசென்ன, என் தலையே நுழையும்."

சொன்னதோடு விடாமல், குனிந்து, வளைந்த பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் தலையை நுழைக்கிற மாதிரி நடித்தும் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவெரின் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைப் புல்லில் வைத்தான்.

"போதும்க்கா."

"என்னடா போதும்? அப்பா இருந்திருந்தா உன்கிட்ட–"

"அப்பா பேரை இழுக்காதே. அவர் வெச்ச கதவு அழுகின அன்னிக்கு நீ எங்க இருந்தே? நான்தானே புதுசு பண்ணிக் குடுத்தேன்?"

"பண்ணிக் குடுத்தே, சோப்பு டப்பாவுல."

அவன் குடிலுக்குள் போய்விட்டான். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் பக்கம் வந்து, கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினாள். நண்பகல் வெயிலில் சூடேறியிருந்த கதவு கம்பங்களுக்கு நடுவே இறுகி உட்கார்ந்தது.

மறுநாள் மதியம் அவள் வந்து, மனசு கேட்காமல், கதவில் கைவைத்தாள். அசையவில்லை.

கொக்கி போட்டுட்டான், என்று நினைத்தாள்.

தன் பக்கத்திலிருந்து அவனும் கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதே மதியமோ, அடுத்த நாளோ. அவன் கிராட்சியானிடம் சொன்னது அதற்கு அடுத்த வாரம்: "அக்கா கொக்கி போட்டுட்டா. போட்டுக்கட்டும். அதுக்குத்தானே வெச்சுக் குடுத்தேன்."

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டி எழுதிப் பார்த்தேன், கொர்னேலியாவுக்கு வாசித்துக் காட்டினேன், பாதியில் எழுந்து போய்விட்டார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அடிபம்பு அக்கா பக்கம். செவெரின் இரண்டு கையிலும் பூவாளியோடு காலனிப் பாதையைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் உள்ள பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வந்தான். தினமும். வேலிச்செடியின் சந்து வழியாக அவனுடைய தொப்பி மெல்ல நகர்ந்து போவதை அவள் பார்ப்பாள். நடுவில் நிற்கும். பிறகு நகரும்.

"வீம்புக்குத் தூக்குறான்" என்று கிராட்சியானின் மனைவியிடம் சொன்னாள். "வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டா பம்பு என்ன ஓடியா போகும்?"

செர்ரி பழுத்த வாரத்தில் அவள் கடையில் செர்ரி வாங்கினாள். தோட்டக்காரி கடையில் செர்ரி வாங்குகிற அவமானத்தை லுப்ளினில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் செவெரின் தன் வீட்டுச் சமையலறையில், கெண்டியை அடுப்பில் வைத்தவன், அப்படியே உட்கார்ந்து இறந்துபோனான். மாரடைப்பு. நாள்பட்ட கோளாறு, தண்ணீர் தூக்கினதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார் டாக்டர். கொர்னேலியாவும் "சம்பந்தம் இல்லையாம்" என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

6

அக்டோபர் கடைசி நாள். மறுநாள், நவம்பர் ஒன்று, அங்கே கல்லறைத் திருநாள். ஊரே சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். தம்பி கல்லறைக்குக் கடைப் பூ வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் தோட்டத்திலேயே அவன் நட்ட வெள்ளைச் சாமந்தி பூத்திருக்கும், அதை வெட்டிக்கொண்டு போகலாம் என்று காலையில் கத்தரிக்கோலோடு வந்தாள். புல்லெல்லாம் உறைபனி. பாதையைச் சுற்றித்தான் போக நினைத்தாள். பழக்க தோஷம், போகிற போக்கில் கதவின் மேல் கை பட்டது.

கதவு திறந்துகொண்டது.

தள்ளக்கூட இல்லை. கை பட்டதுதான். சத்தமே இல்லாமல், கம்பத்துக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய, விலகி உள்ளே போனது. அவள் முதலில் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு கதவின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அவனுடைய கொக்கி கீழ்நோக்கித் தொங்கியது. அது மாட்ட வேண்டிய வளையத்தைச் சிலந்தி வலை அடைத்திருந்தது. அதில் பழைய இலைகள்.

தன் பக்கத்துக் கொக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் தொங்கியது. அதையும் யாரும் போட்டதில்லை என்று அவளுக்குத்தான் தெரியுமே.

அவன் பக்கத்துக் கைப்பிடியில் ஒரு சின்ன வாளி மாட்டியிருந்தது. அடியில் செர்ரி, கருத்து, காய்ந்து, கொட்டையும் தோலுமாக ஒட்டிக்கிடந்தது. அக்கா கோபம் தீர்ந்து என்றைக்குக் கதவைத் திறக்கிறாளோ அன்றைக்கு அவள் கண்ணில் முதலில் படட்டும் என்று மாட்டிவைத்திருக்கிறான்.*

* இந்த வாளியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால், அளவுக்கு மீறிவிட்டது என்று அடித்திருப்பேன். கொர்னேலியாவின் குடிலில் இருக்கிறது, நானே பார்த்தேன். கழுவாமல் வைத்திருக்கிறார்.

7

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம்.

செவெரின் கதவு வேலைக்காரன். கொக்கி போட்ட கதவை ஆட்டினால் லொடலொட என்று ஆடும். இறுகிப்போன கதவு ஆடாது. அந்த வித்தியாசம் கொர்னேலியாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குத் தெரியாதா? ஒரு இழுப்பிலேயே தெரிந்திருக்குமே?

தெரிந்துதான் இருந்ததோ. தன் கதவு தன் பிழையால் இறுகிவிட்டது என்று தெரிந்து, அதைச் சரிசெய்ய ரம்பமும் உளியுமாக வந்து நின்றால் அக்கா மறுபடி ஊரைக் கூட்டிச் சிரிப்பாள் என்று கூச்சப்பட்டு, 'அவள்தான் கொக்கி போட்டாள்' என்று கிராட்சியானிடம் சொல்லிவைத்தானோ. அப்படியானால் அவன் கோபத்தில் ஒதுங்கியிருக்கவில்லை, வெட்கத்தில் ஒதுங்கியிருந்தான்.

இதைக் கொர்னேலியாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு, "என் தலையை வெச்சு நுழைச்சுக் காட்டினேனே, அப்ப அவன் மூஞ்சியப் பாக்கல நான். எல்லாரும் சிரிக்கறதப் பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

செவெரின் என்ன நினைத்தான் என்று எழுத ஆரம்பித்து வைத்திருக்கிறேன்: "அவன் கைப்பிடியை இழுத்தான். கதவு அசையவில்லை. அப்போது அவனுக்கு–"

[அவனுக்கு என்ன? எனக்குத் தெரியாது. இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

8

இனி, கதவைத் திறக்க நான் செய்த முயற்சிகள். குளிர்காலம் முழுக்க ஒவ்வொன்றாக எழுதி, அவருடைய மொழியில் வாயாலேயே சொல்லிக் காட்டினேன். அவர் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டார்.

முதல் முயற்சி. ஜூலையில் ஆலங்கட்டி மழை. காற்று ஒரேயடியாகக் குளிர்கிறது, பலகை சுருங்குகிறது, கதவு தானே திறக்கிறது. இருவரும் மழையில் நனைந்தபடி எதிரெதிரே நிற்கிறார்கள்.

"மழையில எவன் தோட்டத்துக்கு வருவான்?" என்றார் கொர்னேலியா. "செவெரின் ஒரு தூறலுக்கே ஜன்னலைச் சாத்துறவன். வேற சொல்லு."

இரண்டாம் முயற்சி. கிராட்சியான் நடுவில் புகுந்து சமாதானம் செய்கிறார்.

கொர்னேலியா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "கிராட்சியானா? அவன் பொண்டாட்டிக்கும் அவனுக்கும் நடுவுல சமாதானம் பண்ணவே நாங்க போகணும்!"

மூன்றாம் முயற்சி. விடியற்காலை. வெயில் ஏறுமுன் கொர்னேலியா தோட்டத்துக்கு வருகிறாள். இரவுக் குளிரில் பலகை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. கதவைத் தொடுகிறாள். திறக்கிறது.

அவர் ஊறுகாயைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"விடியக்காலையில வந்திருக்கேன்" என்றார். "ஒருநாள். வெள்ளரிக்குத் தண்ணி விட."

"கதவைத் தொட்டீங்களா?"

"தொடல."

"ஏம்மா?"

"அவன்தானே அடைச்சான். அவன்தான் திறக்கணும்னு இருந்தேன்." பிறகு மெல்லக் கேட்டார்: "தொட்டிருந்தா திறந்திருக்குமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசினேன். ஜூலையில் காலையிலும் சூடுதான், பலகை அவ்வளவு சீக்கிரம் ஆறாது, மார்ச் குளிரில் மாட்டின கதவு கோடை முழுக்க இறுகித்தான் இருக்கும், நீங்கள் தள்ளியிருந்தாலும் தம்பி இழுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். கம்பத்தைப் பெயர்த்தால்தான் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"யாராலயும் முடிஞ்சிருக்காது?"

"யாராலயும்."

அவர் தலையை ஆட்டினார். ஊறுகாயைக் கடித்தார். அடுத்த வாரம் காலனி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "பிளாஸ்டிக் வெயில்ல நீளுமாம். கோடை முழுக்க யாராலயும் திறக்க முடியாதாம். அடுத்த தோட்டத்துக்காரி சொன்னா, படிச்ச பொண்ணு." செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக இரவில் தூங்கினேன் என்று என்னிடம் சொன்னார்.

செவெரின் தோட்டத்தைச் சங்கம் இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. அங்குள்ள சாமந்திக்கு இந்தக் கோடையில் கொர்னேலியாதான் தண்ணீர் விடுகிறார். ஜூன் பிறந்ததும் கதவு மறுபடி இறுகிவிட்டது. தன் தோட்டத்திலேயே பம்பு இருக்க, இரண்டு பூவாளியையும் நிரப்பி, காலனிப் பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறார். அவன் நடந்த அதே பாதை. நடுவில் நிற்பார். பிறகு நடப்பார். நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றால் விடமாட்டார்.

"அவன் தூக்கினான்ல" என்பார்.

9

இந்தக் கதையை நான் எட்டாம் பகுதியோடு முடித்திருக்க வேண்டும்.

ஆனால் எழுதுகிறவளுக்கு ஒரு புத்தி. 'யாராலும் முடியாது' என்று எழுதிவிட்டேனே, சரிதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன வாரம், வெயில் கொளுத்துகிற மதியம். புறாக்கள்கூட நிழலுக்கு ஒதுங்கியிருந்தன. கொர்னேலியா இன்னும் வரவில்லை. நான் அவர் தோட்டத்துக்குள் போய்க் கதவின் முன்னால் நின்றேன். கைவைத்துப் பார்த்தேன். பலகை சுட்டது. அசையவில்லை. கல்லில் கைவைத்த மாதிரி இருந்தது. நல்லவேளை என்று நினைத்தேன்.

பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

நான் பயில்வான் இல்லை. தக்காளி மூட்டையைத் தூக்கினாலே முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு தள்ளுதான். கதவு 'கிறீச்' என்று கத்திக்கொண்டு திறந்துவிட்டது.

திறந்த கதவின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தப் பக்கம் சாமந்திச் செடிகள் பச்சையாக, இன்னும் மொட்டு வைக்காமல் நின்றன. போன ஜூன் மாதம் பாலேடு கிண்ணத்தோடு அவரே இடுப்பால் இடித்துத் திறந்தார் என்று நானேதான் நாலாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. எனக்குச் சொன்ன அவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

கதவை இழுத்துச் சாத்தினேன். திறப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவரிடம் சொன்னால், இனி அவர் பூவாளியைச் சுமந்து சுற்றிப் போக வேண்டியதில்லை. சொன்னால், இரவில் தூக்கமும் போய்விடும். அதனால்தான் இதை அவருக்குத் தெரியாத மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திறந்துவிடு என்று அவர் கேட்ட கதவைத் திறந்துவிட்டேன். ஜூலையிலேயே திறந்தேன். அவர் கேட்டபடியே செய்து, அவரிடம் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.

10

முடிவு என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பது இதுதான்.

இன்று மாலை, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, கொர்னேலியா என் குடில் வாசலில் வந்து நின்றார். இரண்டு கையிலும் பூவாளி. கீழே வைக்கவில்லை.

"எழுதி முடிச்சிட்டியா?"

"கிட்டத்தட்ட."

"கதவு திறந்துச்சா?"

நான் பேனா மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். அவர் போகவில்லை. பூவாளியின் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாசல் பலகையில் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தக் கதவோரத்துல புல்லு மிதிபட்டிருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. கேட்கவும் பயம், கேட்காமல் போகவும் மனசில்லை. "நீ தள்ளிப் பாத்தியா?"

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன். அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார், பூவாளி இரண்டும் கனமானவை. என்னால் முடியவில்லை. நீங்கள் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.